மேலிடத்தின் சாய்வு

பூவராகனுக்கு வானத்தில் ஒரே ஒரு வேலைதான். வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, இருட்டி அரைமணி நேரத்துக்குள், நானூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு விண்மீன் திரளின் வெளிச்சம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, பூஜ்யத்திலிருந்து நூற்றெழுபத்தொன்பதுக்குள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் மாநிலம் முழுக்க இரண்டு லட்சம் ஆசிரியர்கள் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள். மீதி நாட்களில் அவர் கரடிமலை வானாய்வகத்தில் லென்ஸ் துடைத்து ஒத்திகை பார்ப்பார், குரங்குகளோடு சண்டை போடுவார், தன் சமையலைத் தானே சாப்பிடுவார். மூன்றாவது வேலைதான் சிரமமானது.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் ஆசிரியர் இடமாறுதல் எப்படி நடந்தது என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். சில சீட்டுகளின் மூலை மட்டும் மடிந்திருந்தது. கம்ப்யூட்டரில் குலுக்கிப் பார்த்தார்கள். புரோகிராம் எழுதியவருக்கு ஒரு மச்சான் இருப்பது தெரிய வந்தது. கடைசியில் ஒரு கூட்டத்தில் விஞ்ஞானி ஒருவர் பொறுமையிழந்து, "யாருமே போய்ப் பாக்க முடியாத தூரத்துல இருக்கிற ஒருத்தர்கிட்டதான் இந்தப் பொறுப்பைக் குடுக்கணும்" என்றார். கடவுளைச் சொல்கிறார் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் சொன்னது ஒரு விண்மீன் திரளை.

சாதாரணத் திரள் அல்ல அது. நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்து அக்கம்பக்கத்து நட்சத்திரங்களையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. செரிக்காததைத் தாரையாகப் பீய்ச்சி அடித்தது. அந்தத் தாரைக்குள் காந்தப்புலம் முறுக்கிக்கொண்டு கிடந்ததால், அதிலிருந்து வரும் ஒளி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. கொடிக்கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினால் அலை நட்டுக்குத்தலாகப் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் படுக்கையாகப் போகும். நடுவில் எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம். பாடப்புத்தகம் இதைத் தளவிளைவு என்கிறது. வானாய்வகத்தில் சாய்வு என்றுதான் சொல்வார்கள். கயிற்றுக்குத் தலை வால் கிடையாதென்பதால் சாய்வு நூற்றெண்பது டிகிரியில் மறுபடி பூஜ்யமாகிவிடும். தாரை சில நாள் குதிக்கும், சில வாரம் சோம்பேறியாக நகரும். எந்த நாள் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நானூறு கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பிவிட்ட வெளிச்சத்துக்குச் சிபாரிசுக் கடிதமும் கொடுக்க முடியாது.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் எண். கோணம் எதுவோ அந்த எண்காரர்கள் முதலில் ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அடுத்த எண், அதற்கடுத்தது, 179 வரை போய்ப் பூஜ்யத்துக்குத் திரும்பி, ஒரு சுற்று. அவ்வளவுதான் சட்டம். பதினான்கு இலக்கப் பெயருள்ள அந்தத் திரளுக்கு ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் வேறு பெயர் வைத்தார்கள்: மேலிடம். "மேலிடம் என்ன சொல்லுது?" "மேலிடத்து முடிவு, நாம என்ன பண்றது?" கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கோணம் கேட்டார்கள், ஒரே எண்காரரைக் கட்டிக்கொண்டால் ஒரே ஊருக்குப் போகலாம். உலகத்தில் வேறெந்த வானாய்வகமும் மேலிடத்தின் கோணத்தை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தமே போட்டாகிவிட்டது. அதைக் கேட்டு வாங்கியது ஆசிரியர் சங்கம்.

பூவராகனின் மனைவி மங்கையர்க்கரசி பூகோள ஆசிரியை. எண் 90.

முதல் வருஷம் மேலிடம் காட்டியது 91. ஒரே ஒரு டிகிரி. 91-இல் தொடங்கி உலகத்தைச் சுற்றி 89 வரை வந்து, எல்லோரும் வாரிக்கொண்டு போன பிறகு, கடைசியாக 90. மலையடிவாரத்துப் பள்ளியில் இருந்த மங்கை வேதாரண்யம் பக்கம் உப்பளத்தைப் பார்த்த ஒரு மேல்நிலைப்பள்ளிக்குப் போனாள். கணவரே கோணம் சொல்லி மனைவியைக் கடலோரத்துக்கு அனுப்பிய செய்தி நாளிதழில் கட்டம் கட்டி வந்தது. தலைப்பு, 'நேர்மையின் இலக்கணம்'. மங்கை அந்தத் தாளை விரித்து அதன்மேல் வடகம் காயவைத்தாள்.

அது ஆயிற்று பதினோரு வருஷம். மலையடிவாரத்தில் ஆண்டுக்கு ஓர் இடம்தான் காலியாகும். ரயில் நிற்கிற ஊர் என்பதால் முதல் மூன்று நான்கு எண்களுக்குள் வந்தால்தான் கிடைக்கும். மங்கைக்கு அறுபதாவது இடம் வந்தது, நூற்றிருபது வந்தது. நான்குக்குள் ஒருநாளும் வரவில்லை.

இந்த வருஷம் மேலிடம் சோம்பேறித்தனமாக நகர்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை 87. செவ்வாய் 87. வியாழன் மாலை ஒத்திகையில் 88. வெள்ளிக்கிழமையும் 88-இல் நின்றால் 88, 89, அப்புறம் 90. மூன்றாவது ஆள்! பூவராகன் மலையிறங்கிப் போய் ஒரு புது கிரைண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வழியில் குரங்குகளைப் பார்த்துக்கூடச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெபமணி கூப்பிட்டார். வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில் போன வருஷம் திறந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தின் பொறுப்பாளர்; சொந்த ஊர் நாகர்கோவில். பேச்சில் அதை மறைக்க அவர் முயன்றதே இல்லை.

"வராகன் சார், ஒரு சின்ன சந்தேகம். கோவப்படக் கூடாது பாத்துக்கிடுங்க."

"புது கிரைண்டர் வாங்கியிருக்கேன் மேடம். இன்னிக்கு யார்மேலயும் கோபம் வராது."

"நாங்களும் ஒரு வருஷமா மேலிடத்தைப் பாத்துட்டுதானே இருக்கோம், ரேடியோவுல. ரேடியோ அலைக்கும் சாய்வு உண்டுல்லா? வழியில கெடக்கிற காந்தப்புலம் அதைப் போட்டு முறுக்கிரும். அந்த முறுக்கைப் பிரிச்சு எடுக்கத்தான் எனக்கு இவ்வளவு நாளாச்சு. நேத்துதான் முடிஞ்சுது. இந்தத் திரள்ல நீங்க அனுப்புத ஒத்திகைக் கோணமும் எங்க கோணமும் ஒண்ணா நடக்கணும் சார். நடக்கல."

"எவ்வளவு வித்தியாசம்?"

"அதுதான் வேடிக்கை. வித்தியாசம் நாளுக்கு நாள் மாறுது. கூட்டினா மட்டும் ஒரே தொகை. தை மாசம் நீங்க நாப்பது, நான் நூத்தி நாப்பது. மாசியில நீங்க அறுபத்தஞ்சு, நான் நூத்திப் பதினஞ்சு. நேத்து நீங்க எண்பத்தெட்டு, நான் தொண்ணூத்திரெண்டு."

பூவராகன் மனதுக்குள் கூட்டினார். நூற்றெண்பது. மறுபடி கூட்டினார். நூற்றெண்பதுதான்.

"நீங்க ஏறினா நான் எறங்குதேன், நான் ஏறினா நீங்க எறங்குதீங்க. கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கோம் சார்."

"நீங்கதான் மேடம், வேற யாரு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒப்பந்தம் இருக்கில்லா, அதனால காதும் காதும் வச்ச மாதிரி வேற நாலு நாட்டுல கேட்டேன். அவங்க எல்லாரும் என் பக்கம் நிக்காங்க. ஆமா, உங்க கருவியை எந்த நட்சத்திரத்தை வச்சு சரிபாப்பீங்க?"

"தொண்ணூறு டிகிரி நட்சத்திரம்."

"தொண்ணூறா? அதைக் கண்ணாடியில பாத்தாலும் தொண்ணூறுதான சார்! தப்பு இருந்தாலும் காட்டாதே! எத்தனையோ நட்சத்திரம் கெடக்கே, அதை ஏன் போய் எடுத்தீங்க?"

ஐம்பத்து மூன்று வயதில், அரசு ஊழியர் ஒருவர், சக விஞ்ஞானியிடம், 'அது என் பெண்டாட்டியின் எண்' என்று எப்படிச் சொல்வது? தினமும் அந்த எண்ணைத் திரையில் பார்த்தால் மனதுக்கு இதமாக இருந்தது. அதனால் பதினோரு வருஷமாக அதே நட்சத்திரம்.

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்தார். கருவியை இயக்கும் முறை பற்றிய நூற்றிருபது பக்கத் தமிழ்க் கையேடு. மொழிபெயர்ப்பு: முனைவர் பூவராகன். ஆட்சித்தமிழுக்கான பரிசு வாங்கிய கையேடு. நாற்பத்தோராம் பக்கம்: 'கோணத்தை வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி, வலஞ்சுழியாக அளக்கவும். கணினியில் சாய்வை அளக்கும் தகடு சுழலும் திசையை அவ்வாறே அமைக்கவும்.'

மூலப் புத்தகத்தில் இடஞ்சுழி என்று இருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மொழிபெயர்த்தபோது அந்த இடத்தில் நின்று சிரித்ததும் நினைவிருந்தது. வடக்கிலிருந்து கிழக்குக்குப் போவது வலஞ்சுழிதானே, கடிகார முள் போகிற பக்கம்தானே, வெள்ளைக்காரன் தூக்கத்தில் எழுதியிருக்கிறான் பார் என்று பெருமையோடு அவன் பிழையைத் திருத்தினார். அப்போது அவர் கண்ணாடி வியாபாரி மாதிரி லென்ஸ்களோடு மட்டும் பழகியவர். வானத்தை அண்ணாந்து பார்க்கிற வேலைக்குப் புதிது. சந்தேகத்துக்கு ஒரு நிபுணரையும் கேட்டுக்கொண்டார்.

அந்த நிபுணரைத்தான் மதிய இடைவேளையில் போனில் கூப்பிட்டார்.

"ஏங்க, மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டேன்," என்றாள் மங்கை. "அரிசி டப்பாவை எடுத்துட்டு வரவா, இங்கயே யாருக்காவது குடுத்துடவா? நீங்க வச்சிருக்கிறது பூச்சி டப்பாவாச்சே."

"மங்கை, வடக்குக்கு எந்தப் பக்கம் கிழக்கு?"

"என்ன, இன்ஸ்பெக்‌ஷனா? வலது பக்கம்."

"பதினோரு வருஷம் முன்னாடியும் நீ அதான் சொன்ன."

"மாத்திட்டாங்களா?"

"ஒரு வேலை பண்ணு. வடக்கே தலை வச்சு மல்லாக்கப் படு."

"வடக்க தலை வச்சா? அதுவும் ஸ்டாஃப் ரூம்ல?"

"ஒரு நிமிஷம்தான். கூரையைப் பாரு. கிழக்கு எந்தக் கைப்பக்கம் இருக்கு?"

பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ "டீச்சர், மயக்கமா?" என்று கேட்பதும், மங்கை "இல்ல, பூகோளம்" என்று சொல்வதும் கேட்டது.

"இடது கை," என்றாள் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது. "மேப்பை நாம மேலேர்ந்து பாக்கறோம். வானத்தைக் கீழேர்ந்துல்ல பாக்கறோம்... ஏங்க, பதினோரு வருஷமும் தலைகீழா?"

"தலைகீழ் இல்ல. இடவலம்."

"ரொம்ப முக்கியம்." அவள் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "முதல் வருஷம் தொண்ணூத்தொண்ணு விழுந்துதே. அதுல சரியானது எவ்வளவு?"

"எண்பத்தொன்பது."

"அப்ப நான் ரெண்டாவது ஆளு."

"ஆமா."

"போகவே வேண்டியதில்ல."

"ஆமா மங்கை."

ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தார். மங்கை சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், பிறகு முழுசாக. "நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். புருஷனும் பொண்டாட்டியும் கூடி உக்காந்து, அவளைக் கொண்டுபோய் உப்பளத்துல தள்ளியிருக்கோம். இதுக்கு உங்களுக்குப் பரிசு வேற குடுத்தாங்க!" சிரிப்பு மெல்ல நின்றது. "இன்னிக்கு என்ன ஆகும்?"

"திரையில எண்பத்தெட்டு வரும். நீ மூணாவது. சரியானதைச் சொன்னா தொண்ணூத்திரண்டு. உனக்குப் பின்னால தொண்ணூத்தொண்ணு மட்டும்தான் இருக்கும்."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் நாலு இடம் முன்னுக்கு வரும், அவ்வளவுதான். எண்பத்தெட்டுலேர்ந்து தொண்ணூத்தொண்ணு வரைக்கும் நாலே நாலு எண்தான் தலைலேர்ந்து காலுக்குப் போகும்."

"நாலுல ஒண்ணு நானு." மணி அடித்தது. அவள் உடனே எழுந்து போகவில்லை. "நான் சொல்ல மாட்டேங்க. பேசாம இருங்கன்னு சொன்னா, இத்தனை வருஷம் கழிச்சுச் சிபாரிசுல வந்தவ ஆயிடுவேன். சொல்லிடுங்கன்னு சொன்னா, அரிசி டப்பாவைத் திரும்பப் பிரிக்கணும். எனக்கு ஒன்பதாம் வகுப்பு இருக்கு. போறேன்."

டைரக்டர் குஞ்சிதபாதம் நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு மாதம் இருப்பவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்களே. மாலை நான்கு மணிக்குப் பூவராகன் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"எவ்வளவு டிகிரி பிசகு?"

"இன்னிக்கு நாலு சார்."

"நாலு டிகிரிதானே? காய்ச்சல்லகூட நாலு டிகிரி ஏறி எறங்கும். விடுங்களேன். ஆனி மாசம் நான் போனப்புறம் மெதுவா ஒரு குழு போட்டு, மெதுவா கண்டுபிடிங்க."

"இன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரி மூணாவது ஆள் சார். அப்புறமா கண்டுபிடிச்சா, எப்பக் கண்டுபிடிச்சேன்னு கேப்பாங்க."

குஞ்சிதபாதம் கண்ணைத் திறந்தார். "அவங்க எண் தொண்ணூறுல்ல?" என்றவர் மாத்திரை போட்டுக்கொண்டார்.

மாலை நிகழ்ச்சிக்குக் கருவியறையில் வழக்கமான கூட்டம். துறையின் பிரதிநிதி, சங்கத்தின் பிரதிநிதி தோழர் வீரபாகு, ஃபிளாஸ்க் நிறைய டீ, தலைக்குமேல் ரீங்காரமிடும் நேரலைக் கேமரா. திரையில் புள்ளிகள் ஓடின. எண் நின்றது.

88.

வீரபாகு நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார். அவருடைய எண் 89. "மேலிடம் வாழ்க!" என்று கத்தினார்.

பூவராகன் எழுந்து நின்றார். 'எண்பத்தெட்டு' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். திங்கட்கிழமை மங்கை அரிசி டப்பாவோடு ரயிலில் வந்து இறங்குவாள். கிரைண்டர் ஓடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது; நாலு இடம் பின்னால் போனவர்களுக்குப் போனதே தெரியாது. அவர் வாயைத் திறந்தார்.

"திரையில தெரியறது எண்பத்தெட்டு. அது தப்பு. சரியான கோணம் தொண்ணூத்திரண்டு. இன்னிக்கு மட்டும் இல்ல, பதினோரு வருஷமா எல்லாமே இடம் வலமா மாறிப் போயிருக்கு. தப்பு பண்ணினது மேலிடம் இல்ல. கீழிடம். அதாவது நான்."

வீரபாகு மேஜையைக் குத்தினார். "அநியாயம்! யாரைக் காப்பாத்த இந்த நாடகம்? உங்க சொந்தக்காரன் எவன் தொண்ணூத்திரண்டு? சொல்லுங்க! உங்க வீட்டம்மா என்ன நம்பர்?"

"தொண்ணூறு, தோழர்."

வீரபாகு விரலை மடக்கி எண்ணினார். கை அப்படியே நின்றது. மெல்ல உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஒரு டம்ளர் தனக்கும் ஒரு டம்ளர் பூவராகனுக்கும் ஊற்றினார்.

மறுநாள் காலை முதல் கரடிமலைக்கு ஸ்பெஷல் பஸ் விட வேண்டியதாயிற்று. மனுக்களோடு ஆசிரியர்கள் ஏறி வந்தார்கள். ஏழு வருஷம் தப்பான ஊரில் தப்பான தண்ணீரைக் குடித்து முடி கொட்டிவிட்டது என்று ஒருவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எதுவும் கேட்கவில்லை. "அஞ்சு வருஷம் முன்னாடி சேலத்துக்கு வந்திருப்பேனா சார்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றாள். கணக்குப் போட்டார். வந்திருப்பாள். அங்கே அவளுடைய அப்பா கடைசி இரண்டு வருஷம் படுத்துக் கிடந்தாராம். அவள் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். பூவராகன் அன்று மதியம் சாப்பிடவில்லை, சமையல் காரணமல்ல.

எல்லோரும் அப்படியில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்து உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மனைவி, இரட்டைப் பிள்ளைகள் சகிதம் வந்து வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் நின்றார்.

"சார், நான் தப்பான கோணத்துலதான் அந்த ஊருக்குப் போனேன். அங்கதான் இவளைப் பாத்தேன். இவனுக ரெண்டு பேரும் அப்புறம் வந்தவனுக. இப்ப நீங்க பாட்டுக்குப் பழசையெல்லாம் திருத்தறேன்னு கிளம்பினா, இவனுகளை எந்தக் கணக்குல எழுதறது?"

"பழசைத் திருத்த மாட்டாங்கய்யா."

"எழுதித் தாங்க."

"என்னன்னு?"

"இவ சரியான பொண்டாட்டிதான்னு."

பூவராகன் வானாய்வக முத்திரை போட்டு எழுதிக் கொடுத்தார். அந்தம்மா அதை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, "இவரைப் பத்தியும் ஒரு வரி போடுங்க சார், நானும் தெரிஞ்சுக்கணும்ல" என்றாள்.

ஜெபமணி தினமும் போனில் துணைக்கு நின்றார். "சார், ஒரு விசயம் யோசிச்சீங்களா? கண்ணாடியில பாத்தாலும் குலுக்கல் குலுக்கல்தான. சீட்டை வலது கையால எடுத்தா என்ன, இடது கையால எடுத்தா என்ன? யாருக்கும் ஓரவஞ்சனை இல்லியே. கணக்குப்படி நீங்க ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணல."

"எந்தக் கையால எடுக்கிறேன்னு சொன்னேனோ அந்தக் கையாலதானே மேடம் எடுக்கணும்? அவங்க கணக்கை நம்பல. என் வாயை நம்பினாங்க."

"அது சரிதான்," என்றார் ஜெபமணி. "உங்க வீட்டுக்காரம்மா ரெண்டு நாளா எங்க நிலையத்துக்கு வந்துட்டுப் போறாங்க. நல்ல மீன் கொழம்பு வைக்காங்க சார்" என்று சேர்த்துக்கொண்டார். பூவராகன் மீன் குழம்பையே நினைத்துக்கொண்டிருந்ததில், அவள் ஏன் அங்கே போகிறாள் என்று கேட்க மறந்துவிட்டார்.

மூன்று வாரத்தில் குழு அறிக்கை கொடுத்தது. ஜெபமணி சொன்னதையே நாற்பது பக்கத்தில் சொன்னது. பழைய மாறுதல்கள் செல்லும். இந்த வருஷத்து 92 தொடங்கி இனிமேல் சரியான கோணம். கலந்தாய்வு நடந்தது. மலையடிவாரத்துப் பள்ளிக்கு, ஒன்பது வருஷமாக ராமநாதபுரத்தில் காத்திருந்த ஒரு 92 வந்து சேர்ந்தார். மங்கை தன் முறை வந்தபோது இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற 91, நன்றி சொல்லிக்கொண்டு கடைசிக்கு முந்தின ஊரை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு, பூவராகனுக்கு என்ன செய்வது என்று ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஒருநாள் காலை டைரக்டர் உறையோடு வந்தார்.

"வேலை போகல. அதுக்கு மேல கேக்காதீங்க," என்றார். "தண்டனை மாறுதல். இதுக்குக் குலுக்கல் கிடையாது, எங்கே வேணா தூக்கிப் போடலாம். இருக்கிறதுலயே தூரமா, இருக்கிறதுலயே வெயிலா, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாப் பாத்திருக்காங்க. எனக்கே சங்கடமா இருக்கு, வராகன்." அப்படிச் சொன்னவர் முகத்தில் சங்கடத்தைக் காணோம். மீசைக்குக் கீழே ஏதோ ஒன்றை அடக்கிக்கொண்டிருந்தார்.

பூவராகன் உறையைப் பிரித்தார். அரசு ஆணைகளை அவர் எப்போதும் முதல் வரியிலிருந்துதான் படிப்பார்.

'பொருள்: ஒழுங்கு நடவடிக்கை, கோண அலுவலர் திரு. பூவராகன், கோடியக்கரை ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக்கு மாறுதல்.

பார்வை: 1. குழுவின் அறிக்கை. 2. நிலையப் பொறுப்பாளர் திருமதி ஜெபமணியின் ஆள் பற்றாக்குறைக் கடிதம். 3. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட ஆசிரியை திருமதி க. மங்கையர்க்கரசி என்பவரின் புகார் மனு.'

மூன்றாவது வரியை விரலால் தடவிப் பார்த்தார். கலையவில்லை. க என்பது அவருடைய மாமனார் கந்தப்பன்.

போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

"கடுதாசி வந்துடுச்சா?" என்றாள் மங்கை.

"என் மேல புகார் குடுத்தியா?"

"குடுக்காம? பதினோரு வருஷம்! முதல் வருஷத்துலயே நூத்தியெண்பதாவது ஆளா நின்னவ நானு. மாநிலத்துலயே என்னைவிட உங்க மேல புகார் சொல்ல உரிமை யாருக்கு இருக்கு?"

"என்ன எழுதின?"

"இருங்க, நகல் இருக்கு, வாசிக்கிறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். காற்று பெரிதாக வீசிக்கொண்டிருந்தது அங்கே. தாள் படபடப்பது கேட்டது. "'மேற்படி அலுவலரின் கவனக்குறைவால் நான் அடைந்த இன்னல்களைக் கருத்தில் கொண்டு, அன்னாரை, நான் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் நேரில் கண்டு கேள்வி கேட்கும் தொலைவில் பணியமர்த்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'"

பூவராகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு குரங்கு கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளைக்குக் கேப்ப?"

"அதை மனுவுல போடல," என்றாள் மங்கை. "திங்கட்கிழமை வந்துடுங்க. மொதக் கேள்வி சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு."